ரொட்டி கோசோங், லாப்ஸ்டர் கோசோங்

கோசோங்னா மலேசியாவுல இருக்கிற நமக்கு விளக்கமே வேணாம், மாமாக் கடையில உக்காந்த ஒடனே வாயில வர்ற வார்த்தை, ரொட்டி கோசோங், தே ஓ கோசோங். வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்காக சொல்றேன், மலாய்ல அதுக்கு ஒண்ணுமில்ல, வெறும், சைபர்னு அர்த்தம். போன மாசம் தியோமான் தீவுல பவளப்பாறை சர்வேக்கு போயி, கடலுக்கு அடியில எட்டு மீட்டர் ஆழத்துல தலைகீழா தொங்கிக்கிட்டு பிளாஸ்டிக் ஸ்லேட்டுல பென்சில் வெச்சு நான் எழுதுனதுல பாதிக்கு மேல இந்த கோசோங்தான், அத எழுதுறதுக்குத்தான் காசு கட்டி, லீவு போட்டு, அம்மாகிட்ட திட்டு வாங்கி போயிட்டு வந்திருக்கேன்.

அம்மாவோட கேள்வி ரொம்ப சிம்பிள். "காசு குடுத்து தண்ணிக்குள்ள போயி மீன் எண்ணிட்டு வரப்போறியா? பசாருக்கு வா, ஐஸ் மேல வரிசையா அடுக்கி வெச்சிருப்பான், உக்காந்து எண்ணு." எனக்கு தண்ணில கண்டம்னு சின்ன வயசுல யாரோ ஜோசியர் சொல்லிட்டாராம், அதனால ஸ்கூல் கேம்ப்ல ஆத்துல கூட எறங்க விட்டதில்ல, 29 வயசுல சொந்த சம்பளத்துல நீச்சல் கத்துக்கிட்டு அதுக்கப்பறம் டைவிங் லைசென்ஸ் எடுத்தவ நான். வேல என்னன்னு கேட்டா கிள்ளான்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ். வருஷக் கடைசில குடோன்ல ஸ்டாக் எடுக்கிறது, பெட்டிய எண்ணி எழுதுறது, ஆடிட்டர் கேக்குற கேள்விக்கு முழிக்கிறது, இதான் பொழப்பு. லீவு எடுத்தும் கடல்ல போயி ஸ்டாக்தான் எடுத்திருக்கேன்னு ஆபிஸ்ல ஒரே கிண்டல்.

விஷயம் என்னன்னா ரீஃப் செக்னு ஒரு முறை இருக்கு. 1997ல ஆரம்பிச்சது, கிரெகர் ஹாட்ஜ்சன்னு ஒரு கடல் விஞ்ஞானி, உலகத்துல பவளப்பாறை எந்த நெலமைல இருக்குன்னு பாக்க அத்தன எடத்துக்கும் அனுப்புறதுக்கு விஞ்ஞானிங்க கிடையாது, ஆனா பொழுதுபோக்கா டைவ் அடிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, அவங்களுக்கு கொஞ்சம் ட்ரெய்னிங் குடுத்து எண்ண சொன்னா என்னன்னு யோசிச்சாரு. மொத வருஷமே 31 நாட்டுல 300 பாறைக்கு மேல எண்ணிட்டாங்க, அப்பவே பல எடத்துல லாப்ஸ்டர் ஒண்ணுகூட கண்ணுல படல. இங்க ரீஃப் செக் மலேசியா 2007ல பதிவான அமைப்பு, வருஷா வருஷம் தீவு தீவா போயி எண்ணி ரிப்போர்ட் போடுறாங்க. எக்கோ டைவர்னு ஒரு கோர்ஸ் முடிச்சா நம்மளும் சேந்துக்கலாம்.

கிள்ளான்ல இருந்து, தியோமானுக்கு போட் ஏறுற மெர்சிங் போக கார்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல. அங்க ஃபெர்ரி நம்ம டைமுக்கு கெளம்பாது, கடலோட டைமுக்குத்தான் கெளம்பும், ஆத்து வாயில தண்ணி வத்திடுச்சுன்னா ஏறுற வரைக்கும் ஜெட்டில உக்காந்து நாசி லெமாக் சாப்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். நாங்க மூணு மணி நேரம் உக்காந்தோம். அப்பறம் ரெண்டு மணி நேரம் போட்ல, பக்கத்துல ஒரு ஆன்ட்டி பிளாஸ்டிக் பைய மூஞ்சில மாட்டிக்கிட்டே வந்தாங்க, அத பாத்து எனக்கும் வயித்த பெரட்டி, சரி விடுங்க.

காலையில ஆறரைக்கெல்லாம் பிரீஃபிங். எங்க பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துல கித்தா மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்தவங்க, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நிக்கணும், பேரு கூப்புடுறப்ப நிக்கலைன்னா அன்னிக்கி வேல கெடயாதுன்னு சொல்லுவாங்க. எனக்கு அதான் ஞாபகம். ஸ்லேட் இருக்கா, பென்சில் கட்டியிருக்கா, யாரு யாருக்கு ஜோடி, யாரு மீனு, யாரு தரை, யாரு பூச்சி, எல்லாம் பேரு கூப்புட்டு பிரிச்சு விட்டாங்க. பூச்சின்னு நாங்களா வெச்ச பேரு, முதுகெலும்பு இல்லாத கடல் உயிரு எல்லாம் அதுல வரும்.

எண்ணுற விதம் எப்படின்னா, மொதல்ல 100 மீட்டர் டேப்ப பாறை மேல ஒரே ஆழத்துல விரிக்கணும். அதுல 20 மீட்டர் எண்ணு, 5 மீட்டர் விடு, மறுபடி 20 மீட்டர் எண்ணு, இப்படி நாலு துண்டு. பாட்டி கேட்டிருந்தா நெரைன்னு சொல்லியிருப்பாங்க, மரத்துக்கு மரம் நெரை புடிச்சு போற மாதிரிதான், உன் நெரைய விட்டு அடுத்த நெரைல இருக்கிறத தொடக்கூடாது. டேப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டரை மீட்டர், அதுக்குள்ள வந்தாதான் உன் கணக்கு. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன், நாலு மீட்டர் தள்ளி ஒரு ஆமை சாவகாசமா புல்லு மேயுற மாடு மாதிரி மேஞ்சுக்கிட்டு இருக்கு, சுத்தி இருந்த ஸ்நோர்க்கல் கூட்டம் எல்லாம் அத போட்டோ எடுக்குது, நான் டேப்ப பாத்துக்கிட்டு இருக்கேன். வயித்தெரிச்சல்.

டேப் விரிச்ச ஒடனே எண்ணவும் முடியாது. நம்ம போட்ட கலாட்டால மீனெல்லாம் ஓடிருக்கும், அதனால ஒரு கால் மணி நேரம் தள்ளி போயி சும்மா மெதக்கணும், அதுங்க நம்மள மறக்கிற வரைக்கும். அப்பறம் மீன் டீம் மெதுவா போகும், அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவ நின்னு, ஒளிஞ்சது வெளிய வருதான்னு பாத்து, எழுதி, நகரும். எல்லா மீனையும் எண்ண மாட்டாங்க, குறிப்பிட்ட சிலதுதான். கெராப்பு, அதான் களவா மீனு, 30 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாதான் கணக்கு, கிளி மீனு 20க்கு மேல. இதுல என்ன கொடுமைன்னா தண்ணிக்குள்ள மாஸ்க் வழியா பாக்குறப்ப எல்லாமே நெசத்த விட மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும், 24 சென்டி மீனு 30 மாதிரி ஜம்முனு நிக்கும். அதுக்காக கரையில பலகைல வெட்டுன மீன் பொம்மைங்கள தண்ணிக்குள்ள கட்டி வெச்சு அளவு சொல்ல சொல்லி டெஸ்ட் வெப்பாங்க. மொத ரவுண்டுல நான் எல்லாத்தையும் கொழுக்க வெச்சுட்டேன். மொத நாளே ஒரே கிளி மீன மூணு தடவ எண்ணிட்டேன்னும் தெரிஞ்சுபோச்சு, அது முன்னாடி போயி பின்னாடி வந்து மறுபடி முன்னாடி போச்சு, எனக்கெப்படி தெரியும்.

ரெண்டாவது நாள்ல இருந்து என்ன தரைக்கு மாத்திட்டாங்க. தரை கணக்குக்கு ஒரு கருவி இருக்கு. பெருசா எதாவது மெஷின்னு நெனைக்காதீங்க, நூல்ல கட்டுன ஒரு நட்டு. ஆமா, போல்ட்டுல மாட்டுற இரும்பு நட்டு. டேப்புல அரை மீட்டருக்கு ஒரு தடவ அந்த நட்ட தொங்க விடணும், அது எது மேல உக்காருதோ அத எழுதணும், கெட்டிப் பவளமா, மெது பவளமா, பஞ்சா, பாறையா, ஒடஞ்ச சல்லியா, மணலா, சேறா, இப்பதான் செத்த பவளமா, அளவுக்கு மீறி பாசி புடிச்சிருக்கா. ஒரு துண்டுக்கு 40 புள்ளி, நாலு துண்டுக்கு 160. அதுல எத்தன புள்ளி உயிருள்ள பவளம்னு பாத்து சதவீதம் போட்டா அந்த எடத்தோட மார்க்கு, 25க்குள்ள இருந்தா மோசம், 50 வரைக்கும் சுமார், 75 வரைக்கும் நல்லா இருக்கு, அதுக்கு மேல போனா பிரமாதம்.

நட்டு எதுக்குன்னு எனக்கு மொதல்ல புரியல, கண்ணால பாத்து எழுதினா போதாதான்னு நெனச்சேன். போடுறப்பதான் தெரிஞ்சுது. கீழ ஊதா கலர்ல மான் கொம்பு மாதிரி அழகா ஒரு பவளம் இருக்கு, பக்கத்துல ஒரு சாண் வெறும் மணல், டேப்பு சரியா மணலுக்கு மேல ஓடுது. கை தானா பவளத்து பக்கம் போகுது, சத்தியமா நான் வேணும்னு செய்யல. அந்த அழக விட்டுட்டு எப்படி மணல்னு எழுதுறதுன்னு மனசு அடிச்சுக்குது. ஒரு இஞ்சு தள்ளி விட்டா யாருக்கு தெரியப்போகுது, எட்டு மீட்டர் ஆழத்துல எந்த ஆடிட்டர் வரப்போறான். நட்டு நேரா மணல்ல போயி உக்காந்துச்சு. எஸ்டின்னு, அதான் மணலுக்கு குறியீடு, எழுதினேன். அடுத்த அரை மீட்டர், சல்லி. அடுத்தது, மறுபடி சல்லி. அதுக்கு அடுத்தது ஒரு மூளைப் பவளம் மேல டங்குனு உக்காந்தப்ப ஏதோ நானே முட்டை போட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

பூச்சி கணக்கும் நான் எடுத்தேன், அதுலதான் கோசோங் மழை. பட்டியல்ல இருக்கிறது எல்லாமே காரணத்தோட தேர்ந்தெடுத்தது. லாப்ஸ்டர், சாப்பாட்டுக்கு புடிச்சு தீத்துட்டாங்களான்னு பாக்க. டிரைட்டன்னு பெரிய சங்கு, ஓட்டுக்காக எடுத்து ஷோகேஸ்ல வெச்சுட்டாங்களான்னு பாக்க. கடல் அட்டை, சீனக்கடை சூப்புக்கு போயிடுச்சான்னு பாக்க. மீன் பட்டியல்ல நெத்தில கும்பமாட்டம் வீங்குன பெரிய நெப்போலியன் மீனு இருக்கு, உயிரோட தொட்டில வெச்சு விக்கிற ஓட்டல்களுக்காகவே அழிச்ச மீனு அது, 2004ல இருந்து உலக அளவுல அத விக்கிறதுக்கு கட்டுப்பாடு. எங்க நெரைல லாப்ஸ்டர் கோசோங், டிரைட்டன் கோசோங், நெப்போலியன் கோசோங். கட்டத்த காலியா விட்டுட்டு மேல வந்தேன், போட்ல இருந்த லீடர் ஸ்லேட்ட திருப்பி குடுத்துட்டாங்க. காலியா விட்டா நீ பாக்க மறந்துட்டியா இல்ல பாத்தும் இல்லையான்னு எனக்கு எப்படி தெரியும், சைபர் போடுன்னாங்க. எங்க ஆபிஸ்ல நான் புதுப் பசங்ககிட்ட வருஷா வருஷம் சொல்ற அதே வார்த்தை, எனக்கே திரும்பி வந்துச்சு.

பட்டியல்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் எண்ணி மாளல, நீள முள்ளு வெச்ச கறுப்பு கடல் முள்ளெலி. மலாய்ல லண்டாக் லாவுட், கடல் முள்ளம்பன்னின்னு சொல்றது பொருத்தமாத்தான் இருக்கு. அளவா இருந்தா பாறைல வளர்ற பாசிய மேஞ்சு பவளத்துக்கு எடம் விடும், அளவுக்கு மீறுனா ஏதோ சரியில்லன்னு அர்த்தம், அத திங்கிற மீனு கொறஞ்சிருக்கலாம், கழிவு தண்ணி எறங்கி பாசி கூடியிருக்கலாம். நான் 40 வரைக்கும் எண்ணிட்டு 41ஆவது மேல முட்டிய வெச்சுட்டேன். கத்துனேன், மூச்சு விட வாயில கவ்வுற ரெகுலேட்டருக்குள்ள கத்துனா வெறும் குமிழிதான் வரும். கரைக்கு வந்ததும் தீவுக்கார அபாங், மலாய்ல அண்ணன், ஒருத்தர் எலுமிச்சம்பழத்த பிழிஞ்சு, ஒரு கண்ணாடி பாட்டில எடுத்து முட்டிய டொக்கு டொக்குனு தட்டுனாரு, முள்ளு உள்ளயே நொறுங்கி கரைஞ்சிடுமாம். வலிச்சுது லா. நாலு நாள்ல சரியாச்சு, பாட்டில்னாலயா தானாவான்னு டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

இந்த அபாங் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா நான் நாலு நாள் வாலண்டியர், அவரு வருஷம் பூரா அங்கதான். தியோமான் மரைன் கன்சர்வேஷன் குரூப்னு தீவு ஆளுங்களே சேந்து நடத்துற கூட்டம் ஒண்ணு இருக்கு, ரீஃப் செக் மலேசியா அவங்களுக்கு டைவிங், சர்வே, வலை எடுக்கிறது எல்லாத்துக்கும் ட்ரெய்னிங் குடுத்திருக்கு, ச்சிந்தாய் தியோமான்னு, தியோமான நேசின்னு, ஒரு திட்டமா ஆரம்பிச்சது. தெகெக், சாலாங், ஜுவாரா மாதிரி கம்போங்ல இருந்து வந்த பசங்க, மீன் புடிச்ச குடும்பம், ஸ்நோர்க்கல் கைடு வேல பாத்தவங்க. தியோமான சுத்தி 1994ல இருந்து மரைன் பார்க், கரையில இருந்து ரெண்டு கடல் மைலுக்குள்ள மீன் புடிக்கக்கூடாது, அவங்க அப்பன் தாத்தன் மீன் புடிச்ச எடத்துல ஒரு நாள் போர்டு வெச்சு புடிக்காதன்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. இப்ப அவங்க கையிலயே காவலும் பராமரிப்பும் கொஞ்சம் கொஞ்சமா வர்றது சரியான வழின்னு எனக்கு தோணுது, ரொம்ப லேட்டா வந்தாலும். மீன்வளத் துறையும் ரீஃப் கேர்னு ஒரு திட்டம் வெச்சு ஊர் ஆளுங்களுக்கு பாறைய பாத்துக்கிற பொறுப்ப குடுக்க ஆரம்பிச்சிருக்கு.

அபாங் எங்க கோசோங் ஸ்லேட்ட பாத்துட்டு சிரிச்சாரு. சின்ன வயசுல அவரு அப்பா ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு பாறை ஓரம் போனா லாப்ஸ்டர் கண்ணு செவப்பா மின்னுமாம், ஒரு பக்கெட் ரொப்பிக்கிட்டு வருவாராம். அது எங்கயும் எழுதி வெச்ச கணக்கு கெடயாது, அவரு தலைக்குள்ள இருக்கு. நாங்க எண்ண ஆரம்பிக்கிறப்பவே குடோன் பாதி காலி, ஓப்பனிங் ஸ்டாக் என்னன்னே தெரியாம கணக்கு ஆரம்பிச்ச மாதிரி. அதனாலதான் அவர மாதிரி ஆளுங்ககிட்ட ஒரு பழைய டேப் ரெக்கார்டர் வெச்சு உக்காந்து கேட்டு எழுதணும்னு எனக்கு ஒரு ஆசை, பாப்போம்.

மூணாவது நாள் காலைல சர்வே நின்னுபோச்சு, பாறைல வலை மாட்டியிருக்குன்னு ஒரு டைவ் போட்ல இருந்து போன் வந்துச்சு. பேய் வலைன்னு சொல்லுவாங்க, போட்ல இருந்து அறுந்தோ தூக்கிப்போட்டோ மெதந்து வர்ற வலை, ஆளே இல்லாம அது பாட்டுக்கு மீன் புடிச்சுக்கிட்டே இருக்கும். நான் போயி மேல இழுத்துட்டு வருவாங்கன்னு நெனச்சேன். இழுத்தா வலையோட பவளமும் பேந்து வந்துடும், அதனால கத்திரிக்கோல் வெச்சு ஒரு கண்ணு ஒரு கண்ணா வெட்டணும், அதுவும் நம்ம ஃபின்னு, டேங்க், ஓஸு எதுவும் அதுல மாட்டிக்காம. என்ன மாதிரி ஆளுங்கள வெட்ட விடல, தூரத்துல நின்னு வெட்டுன துண்ட பைல வாங்கி வெச்சுக்க சொன்னாங்க. வலைக்குள்ள ஒரு பட்டாம்பூச்சி மீனு, செவுள் வரைக்கும் நுழைஞ்சு நின்னுபோச்சு, ஒடம்பு மட்டும் துடிக்குது. அபாங் கையொறைய கழட்டி வெறும் விரலால நூல தளத்தி விட்டாரு, அது ஒரு நிமிஷம் அங்கயே கெறங்கி நின்னுட்டு அப்பறம் போச்சு. பக்கத்துலயே ஒரு நண்டு, கறி எல்லாம் போயி வெறும் ஓடு. ரெண்டு டேங்க் காத்து தீந்தும் பாதி வலைதான் வந்துச்சு, மீதிய மறுநாள் அவங்க போயி எடுத்தாங்க, அப்ப நாங்க சர்வேல.

பவளம் வெளிறிப்போறது பத்தி நெறைய பேரு கேட்டீங்க. பவளத்துக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு, கலரும் சாப்பாடும் அதுதான் குடுக்குது, தண்ணி ரொம்ப நாள் சூடா இருந்தா அந்த குடித்தனம் காலி பண்ணிட்டு போயிடும், அப்ப பவளம் கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கிற வெள்ள எலும்புக்கூடு தெரியும். வெள்ளையானா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, பட்டினி கெடக்குது, சூடு சீக்கிரம் கொறஞ்சா பொழைக்கும். 2010ல இது முத்தி, தியோமான், ரெடாங், பாயார் பக்கம் சில டைவ் எடங்கள கொஞ்ச மாசம் மூடியே வெச்சாங்க. 2024 ஏப்ரல்ல உலகம் பூரா நாலாவது தடவையா வெளிறல் நடக்குதுன்னு அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவா அறிவிச்சுது. வருஷா வருஷம் அதே எடத்துல நட்டு போட்டுக்கிட்டு இருந்தவங்க இருக்கிறதாலதான், சூடு போனப்பறம் எது எழுந்திரிச்சுது, எது அப்படியே சல்லியாச்சுன்னு இன்னிக்கி சொல்ல முடியுது. நாங்க போனப்ப அங்கங்க ஓரத்துல வெளுப்பு இருந்துச்சு, அத தனியா ஒரு கட்டத்துல எழுதினோம்.

முள்கிரீடம்னு ஒரு நட்சத்திர மீனும் அங்க பாத்தேன், கை பத்து பன்னெண்டுக்கு மேல, ஒடம்பு பூரா விஷ முள்ளு, வயித்த வெளிய தள்ளி பவளத்து மேல போர்த்தி அப்படியே செரிச்சிடும், அது மேஞ்சு போன பாதை வெள்ளையா ஓடும். ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்ல, கும்பலா வந்தா குரூப் ஆளுங்க கொக்கி வெச்சு எடுத்து கரையில பொதைப்பாங்க. இத திங்கிற ஆளு யாருன்னு பாத்தா, டிரைட்டன் சங்கும் நெப்போலியன் மீனும். மேல போயி பாருங்க, நாங்க ரெண்டுக்கும் என்ன எழுதினோம்னு.

இதுல எனக்கு கொறையும் இருக்கு. வேற ஒரு தீவுல, பேரு வேணாம், நான் லைசென்ஸ் எடுத்த எடத்துல கைடே ஆமை ஓட்ட புடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு போஸ் குடுத்தாரு, நானும் அன்னிக்கி ஒண்ணும் தெரியாம கை தட்டுனேன். அப்பறம் டைவிங்னாலே காசு புடிச்ச வேல, நாலு நாள் கடலுக்கு போற சௌகரியம் நம்மள்ல எத்தன பேருக்கு இருக்கு. நீச்சலே தெரியாதவங்க ஏராளம், எங்க வீட்ல நான்தான் மொத ஆளு. அதனால வாலண்டியர் எல்லாம் வாங்கன்னு பொதுவா கூப்புட எனக்கு கூச்சமா இருக்கு, நீச்சல் தெரிஞ்சவங்க வந்தா நல்லது, அவ்ளோதான்.

கடைசி நாள் ராத்திரி எல்லாரும் வட்டமா உக்காந்து ஸ்லேட்ல இருந்து லேப்டாப்ல ஏத்துனோம். எனக்கு பழகுன வேல, மத்தவங்களுக்கு கண்ணு சொருகுது. நான் 160ஐ கூட்டிப் பாக்கிறேன், 159தான் வருது. ரெண்டு தடவ கூட்டினேன், 159. மூணாவது துண்டுல ஒரு புள்ளிய விட்டிருக்கேன், எந்த எடம்னும் ஞாபகம் வந்துடுச்சு, ரெண்டு பவளத்துக்கு நடுவுல நட்டு மாட்டிக்கிட்டு, இழுத்தா ஒடஞ்சிடுமேன்னு நூல அறுத்து விட்டுட்டு ஸ்பேர் நட்ட எடுத்தேன், அந்த களேபரத்துல எழுதல. பவளத்துக்கு நடுவுலதான மாட்டுச்சு, பவளம்னே போட்டுடலாமேன்னு ஜோடி சொன்னாங்க. நட்டு உக்காந்தது எது மேலன்னு நான் பாக்கல. அந்த கட்டத்த விடுபட்டதுன்னு குறிச்சு அனுப்பிட்டோம்.

ஆக தியோமான்ல எட்டு மீட்டர்ல என்னோட நட்டு ஒண்ணு துரு புடிச்சுக்கிட்டு இருக்கு, குப்ப பொறுக்கப் போனவ குப்ப போட்டுட்டு வந்திருக்கேன். அடுத்த தடவைக்கு அப்பாவோட டூல் பெட்டில இருந்து ரெண்டு நட்டு எடுத்து வெச்சிருக்கேன், எதுக்குன்னு அம்மா கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, தையல் பெட்டில இருந்து கெட்டி நூல் ஒரு கண்டு எடுத்து குடுத்தாங்க.